உடைந்த பாகத்துக்கு எந்தப் பசை?



வீட்டில் ஒரு பொருள் உடைந்துவிட்டால் நாம் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தப் பசை பலமான பசை?" என்பதுதான். இரும்புச் சாமான் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் ஒரு சிறு குழாயை எடுத்துக் கொடுத்து, "இது எதையும் ஒட்டும்" என்கிறார். நாமும் நம்பி வாங்கி வந்து ஒட்டுகிறோம். சில வேளைகளில் அது நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. சில வேளைகளில் மறுநாளே கையோடு வந்துவிடுகிறது. ஏன் இப்படி? பசை போலியா? நம் கைராசி சரியில்லையா? இரண்டும் இல்லை. நாம் கேட்ட கேள்விதான் சரியில்லை.

பழைய மோட்டார் சைக்கிள்களில் உடைந்துபோகும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டுவதற்கு ஏற்ற பசையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். "எந்தப் பசை?" என்று கேட்பதற்கு முன்னால், "இது எந்தப் பிளாஸ்டிக்?" என்று கேட்கப் பழக வேண்டும். இதை நாம் ஏட்டிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை, பட்டும் கற்றுக்கொண்டோம்.

நம் வீட்டில் ஒரு ஹோண்டா சி70 இருக்கிறது. தந்தையார் பேராக் மாநிலத்தில் பால்மரத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில், 1979இல், தவணையில் வாங்கியது. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனதும், நம்மைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும், அம்மாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அந்த வண்டிதான். அதை விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் தந்தையார் பேச்சை மாற்றிவிடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன், அந்த வண்டியின் கால் மறைப்பு பிளந்துவிட்டது. கால் மறைப்பு என்பது, முன்னால் இரண்டு பக்கமும் விரிந்து, சேறும் மழைநீரும் முழங்காலில் படாமல் காக்கும் அந்த வெள்ளைப் பலகை. வலப்பக்கத்தின் கீழ்ப்பகுதி ஒரு சாண் நீளத்துக்கு உடைந்து தனியாக வந்துவிட்டது. நாம் உடனே சூப்பர் குளூவைப் போட்டு ஒட்டினோம். அதற்கு மேல் எப்பாக்சிப் பசையையும் குழைத்துப் பட்டையாகப் பூசினோம். காய்ந்தபின் தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. "இனிமேல் கவலை இல்லை அப்பா" என்று பெருமையாகச் சொல்லி வண்டியைக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் தந்தையார் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார். வழியில் ஒட்டிய துண்டு காற்றில் விட்டுக்கொண்டு, கால் பிரேக்கின் மேல் சரிந்து சிக்கிக்கொண்டது. பிரேக்கை அழுத்த முடியவில்லை. கை பிரேக்கைப் பிடித்துச் சாலையோரத்து லாலான் புல்லுக்குள் வண்டியை இறக்கி நிறுத்தினார். அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவோடு போயிற்று. எதிரே ஒரு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கழன்று வந்த துண்டை எடுத்துப் பார்த்தோம். நாம் பூசிய எப்பாக்சி உடையவே இல்லை. வாழைப்பழத் தோல் உரிந்து வருவதுபோல் முழுப் பட்டையாக உரிந்து வந்திருந்தது. தந்தையார் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பசை கெட்டியாத்தான் இருக்கு தம்பி. அது பிடிக்கிறதுக்கு இங்கே இடம் இல்லையே" என்றார். அவர் பிளாஸ்டிக்கைப் பற்றிப் படித்தவர் அல்லர். ஆனால் அவர் சொன்னதுதான் இந்தப் பாடத்தின் முதல் வரி.

நேயர்களே, பசை எப்படி ஒட்டுகிறது? திரவமாக இருக்கும் பசை முதலில் பொருளின் மேல் பரவி, அதை நனைக்க வேண்டும். பிறகுதான் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகிறது? முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடிவிடுகிறது. இலை நனைவதே இல்லை. சில பிளாஸ்டிக்குகளும் அப்படித்தான். அவற்றின் மேல் சாதாரணப் பசை நன்றாகப் பரவுவதில்லை. பரவாத பசை எவ்வளவு பலமாக இருந்தாலும் பயன் இல்லை.

அப்படிப்பட்ட பிளாஸ்டிக்குகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பாலித்தீன், மற்றொன்று பாலிபுரோபிலீன். இரண்டும் மெழுகைத் தடவியதுபோல் வழுவழுப்பாக இருக்கும். ஐஸ்கிரீம் டப்பாவையும் சமையலறை வாளியையும் தொட்டுப் பாருங்கள். அந்தத் தன்மை கைக்குத் தெரியும்.

இங்கே ஒரு சுவையான செய்தியைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 'கப்சாய்' என்று செல்லமாக அழைக்கப்படும் சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் ஹோண்டா சூப்பர் கப். அது 1958ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. 2017ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ என்னும் வணிகர்தான் ஹோண்டா வண்டிகளை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர். அந்த முதல் சூப்பர் கப் வண்டியிலேயே கால் மறைப்பையும் முன் மட்கார்டையும் தகரத்தில் செய்யாமல், அன்று புதுமையாக இருந்த பாலித்தீனில் செய்தார்கள். எடை குறைவு, துருப்பிடிக்காது, விழுந்தாலும் நசுங்காது என்பவை அதற்குக் காரணங்கள்.

சூப்பர் குளூவின் கதை வேறு. மலாயில் 'காம் காஜா', அதாவது யானைப் பசை, என்று பலரும் சொல்லும் அந்தப் பசையின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்னும் வேதியியலார், துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இது அவர் கையில் அகப்பட்டது. தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் தொல்லை என்று ஒதுக்கிவிட்டார். 1951இல் மறுபடியும் எதிர்ப்பட்டபோதுதான் அதன் அருமை புரிந்தது. அது கடைக்கு வந்த ஆண்டு எது தெரியுமா? அதே 1958! சூப்பர் கப்பும் சூப்பர் குளூவும் ஒரே ஆண்டில் விற்பனைக்கு வந்தவை. ஆனால் அந்த வண்டியின் கால் மறைப்பை இந்தப் பசையால் ஒட்ட முடியாது. நாம் அதைத்தான் செய்ய முயன்றோம்.

சரி, எந்தப் பிளாஸ்டிக் என்று கண்டுபிடிப்பது எப்படி? மூன்று வழிகளைச் சொல்கிறோம்.

முதல் வழி, எழுத்தைப் பார்ப்பது. பாகத்தைக் கழற்றி, உட்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள். இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கலாம். ஏ.பி.எஸ். என்றிருந்தால் அது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். பி.பி. என்றால் பாலிபுரோபிலீன். பி.இ. என்றால் பாலித்தீன். பி.சி. என்றால் பாலிகார்பனேட். பி.ஏ. என்றால் நைலான். பி.எம்.எம்.ஏ. என்றால் அக்ரிலிக். இப்படிக் குறியிடுவதற்கு அனைத்துலகத் தர அமைப்பு 1993இல் ஒரு விதியை வகுத்தது. ஆகவே அதற்கு முந்திய பழைய வண்டிகள் பலவற்றில் இந்தக் குறி இருக்காது. அப்போது அடுத்த வழிக்குப் போக வேண்டும்.

இரண்டாம் வழி, தண்ணீரில் போட்டுப் பார்ப்பது. உடைந்த ஓரத்திலிருந்து, வெளியே தெரியாத இடத்தில், சுண்டுவிரல் நகமளவு துண்டை வெட்டி எடுங்கள். பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கலக்குங்கள். காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு நம்மை ஏமாற்றாமல் இருக்கவே இந்தச் சோப்பு. துண்டை விரலால் அமிழ்த்திவிட்டுக் கையை எடுங்கள். மேலே மிதந்து வந்தால் அது பாலித்தீன் அல்லது பாலிபுரோபிலீன். மூழ்கினால் வேறு வகை. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், பாலிபுரோபிலீனின் அடர்த்தி ஏறக்குறைய 0.9, பாலித்தீன் 0.92 முதல் 0.96 வரை. ஆகவே இவை மிதக்கின்றன. ஏ.பி.எஸ். 1.05, நைலான் 1.14, அக்ரிலிக் 1.18, பாலிகார்பனேட் 1.2. இவை மூழ்குகின்றன. ஒரு கிண்ணத் தண்ணீர் செய்யும் இந்தச் சோதனையை நாம் அன்றே செய்திருந்தால், அம்மாவின் முழங்கையில் அந்தத் தழும்பு இருந்திருக்காது.

மூன்றாம் வழி, அசிட்டோன் சோதனை. மூழ்கிய துண்டின் மேல் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டு, அரை நிமிடம் கழித்துக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். மேற்பரப்பு இளகிப் பிசுபிசுத்தால், பெரும்பாலும் அது ஏ.பி.எஸ். ஒன்றுமே ஆகவில்லை என்றால் அது நைலானாக இருக்கலாம். அல்லது கல்மாவு கலந்து கனமாக்கப்பட்ட பாலிபுரோபிலீனாக இருக்கலாம். இரண்டுக்குமே பசையை நம்ப வேண்டாம். சிலர் நெருப்பில் காட்டி மணத்தைக் கொண்டு கண்டுபிடிப்பார்கள். அது வேண்டாம். சில பிளாஸ்டிக்குகள் எரியும்போது வரும் புகை நச்சுப்புகை.

இனி ஒவ்வொரு வகைக்கும் என்ன செய்வது என்று பார்ப்போம்.

முதலில் ஏ.பி.எஸ். பழைய வண்டிகளின் பக்க மூடிகள், விளக்கைச் சுற்றியுள்ள கூடுகள் முதலியவை பெரும்பாலும் இதனால் ஆனவை. அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் அதற்கு அந்தப் பெயர். நடுவில் உள்ள பியூட்டாடையீன் ஒரு செயற்கை ரப்பர். நம் தோட்டத்து ரப்பருக்குத் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி தாங்கும் வலிமையைக் கொடுப்பது அதுதான். ஆனால் வெயிலில் முதலில் கெட்டுப்போவதும் அதுதான். நம் நாட்டு வெயிலில் பல ஆண்டுகள் நின்ற வண்டியின் மூடிகள் அப்பளம்போல் நொறுங்குவதற்கு இதுவே காரணம். அப்படி நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்ட பாகத்தை எந்தப் பசையாலும் காப்பாற்ற முடியாது. ஒட்டிய இடம் நிற்கும், பக்கத்தில் உடையும்.

இன்னும் உறுதியாக இருக்கும் ஏ.பி.எஸ். பாகத்துக்கு மிகச் சிறந்த மருந்து அதனுடைய சொந்தச் சரக்குதான். உடைந்த பழைய ஏ.பி.எஸ். துண்டுகளைச் சிறிதாகச் சீவி, ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, அவை மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி மூடி, ஓர் இரவு வைத்துவிடுங்கள். மறுநாள் கிளறினால் தேன் பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கும். துண்டுக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களா? வண்டிப் பட்டறைகளில் உடைந்த மூடிகள் கிடக்கும். பிள்ளைகள் விளையாடும் லெகோ கட்டைகளும் 1963 முதல் ஏ.பி.எஸ்.ஸில்தான் செய்யப்பட்டு வருகின்றன. பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்!

இந்தக் குழம்பைப் பிளவில் தடவினால், அசிட்டோன் இரண்டு பக்கத்தையும் இளக்குகிறது. அது ஆவியாகிப் போனபின், இரண்டு பக்கமும் ஒரே பிளாஸ்டிக்காக இணைந்து நிற்கின்றன. உண்மையில் இது ஒட்டுவது அல்ல. குளிர்ந்த நிலையிலேயே பற்றவைப்பது. ஆனால் பொறுமை வேண்டும். தொட்டால் காய்ந்துவிட்டது போல் தோன்றினாலும், முழு பலம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

ஓர் எச்சரிக்கை. அசிட்டோன் பெட்ரோலைப் போலவே எளிதில் தீப்பற்றும். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். சிகரெட், கொசுவத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எப்பாக்சிப் பசையும் ஏ.பி.எஸ்.ஸுக்கு உதவும். இரண்டு குழாய்களில் வருவது அது. ஒன்று பிசின், மற்றொன்று அதை இறுகச் செய்யும் சரக்கு. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். ரப்பர்ப்பாலை உறையவைக்கத் திராவகம் ஊற்றும்போது அளவு பார்த்துத்தானே ஊற்றுவார்கள்? கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். எப்பாக்சியும் அப்படித்தான். "சீக்கிரம் காயட்டும்" என்று இரண்டாவதைக் கூடுதலாகச் சேர்த்தால், பசை கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருக்கும். குழாயில் சொன்ன அளவைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையும் உண்டு, ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் வகையும் உண்டு. பொதுவாக மெதுவாக இறுகுவதே பலமானது. விடுபட்ட பள்ளத்தை நிரப்பவும், உட்பக்கத்தில் கண்ணாடி இழைத் துணி வைத்துப் பலப்படுத்தவும் எப்பாக்சி மிகவும் ஏற்றது.

சூப்பர் குளூ ஏ.பி.எஸ்.ஸில் ஒட்டும். இரண்டு விளிம்பும் இம்மி பிசகாமல் பொருந்தும் சிறு துண்டுக்கு அது போதும். ஆனால் அது கண்ணாடிபோல் இறுகும், வளைந்து கொடுக்காது. வண்டியோ ஓயாமல் அதிர்கிறது. ஆகவே துண்டுகளை இடத்தில் நிறுத்திவைக்க அதைப் பயன்படுத்திவிட்டு, உட்பக்கத்தில் வேறு பலம் கொடுப்பதே அறிவுடைமை. சிறு ஓட்டையை நிரப்ப, அதில் ஆப்பச் சோடாவைத் தூவி ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால், கணத்தில் கல்லாகிவிடும். அப்போது சூடும் ஆவியும் எழும். முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். பஞ்சாலும் பருத்தித் துணியாலும் இந்தப் பசையைத் துடைக்கவும் வேண்டாம். பருத்தியில் பட்டால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரித்து எடுங்கள்.

பக்க மூடியில் அடிக்கடி உடைவது, வண்டியின் ரப்பர் வளையத்துக்குள் நுழையும் அந்தச் சிறிய மூக்கு. அதை ஒட்டுகிறோம், மறுபடியும் உடைகிறது, மறுபடியும் ஒட்டுகிறோம். ஆனால் குற்றம் மூக்கில் இல்லை. ரப்பர் வளையம் வயதாகிக் கட்டையாக இறுகியிருக்கும். மூடியைக் கழற்ற இழுக்கும்போதெல்லாம் அது மூக்கை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே முதலில் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். விலை மிகக் குறைவு. மூக்கை ஒட்டும்போது, அதன் நடுவிலும் மூடியிலும் மெல்லிய துளை போட்டு, துருப்பிடிக்காத கம்பித் துண்டு ஒன்றை இரண்டுக்கும் பொதுவாகச் செருகி, பிறகு பசையிடுங்கள். மூடியை மாட்டும்போது ரப்பரில் சிறிது சோப்புத் தண்ணீர் தடவினால் சுலபமாக நுழையும்.

நீண்ட பிளவாக இருந்தால் செய்ய வேண்டிய முறை இது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்கு உலரவிடுங்கள். பிளவு முடியும் முனையில் இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போடுங்கள். பிளவு அதற்கு மேல் ஓடாது. உட்பக்கத்தில் பிளவின் இருகரையையும் 'வி' எழுத்து வடிவத்தில் சரிவாகச் சீவி, உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். தூசியைத் துடைத்துவிட்டு, வெளிப்பக்கத்தில் ஒட்டுத்தாள் போட்டுத் துண்டுகளைப் பொருத்தி, உட்பக்கத்தில் பசையிட்டுத் துணி வைத்துப் பூசுங்கள். ஒரு நாள் முழுவதும் அதைத் தொடாதீர்கள். கழுவும் வேலைக்குப் பெட்ரோலையோ தின்னரையோ எடுக்க வேண்டாம். அவை பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

இன்னொரு செய்தி. திருகாணி கழலாமல் இருக்க இரும்பு வேலைக்குப் பயன்படும் பூட்டுப்பசை ஒன்று உண்டு. அதை ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் பாகங்களின் திருகாணிகளுக்குப் போடாதீர்கள். அது பட்ட இடத்தில் பிளாஸ்டிக் நுண்ணிய வெடிப்பு விட்டுச் சில நாள்களில் உடையும்.

அடுத்து விளக்கு மூடிகள். பின்விளக்கு, சிக்னல் விளக்கு ஆகியவற்றின் மூடிகள் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். இவற்றில் சூப்பர் குளூவைப் போட்டால் சுற்றிலும் வெள்ளைப் படலம் படிந்து அழகைக் கெடுக்கும். பாலிகார்பனேட்டில் அசிட்டோன் பட்டால் மங்கிப்போய் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். மெதுவாக இறுகும் தெளிவான எப்பாக்சியே இங்கே பாதுகாப்பானது. ஆனால் சிவப்பு மூடியில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தால், ஒட்டுப்போடாமல் புதிது வாங்கிவிடுங்கள். பின்னால் வருகிறவருக்குச் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். வெள்ளை வெளிச்சம் தெரிந்தால் அவர் குழம்பிவிடுவார்.

இனி, மிதக்கும் வகையினரான பாலித்தீனும் பாலிபுரோபிலீனும். இவற்றுக்கென்றே செய்த சிறப்புப் பசைகள் இருக்கின்றன. முதலில் ஒரு நீரைப் பூசிவிட்டுப் பிறகு பசையிடும் வகையும், இரண்டு பகுதியாக வரும் அக்ரிலிக் வகையும் உண்டு. உறையில் இந்தப் பிளாஸ்டிக்குகளின் பெயரைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டுமே வாங்குங்கள். "எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஒட்டும்" என்று பொதுவாகப் போட்டிருந்தால், பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பாலித்தீன், பாலிபுரோபிலீன் நீங்கலாக என்று அங்கே ஓர் ஓரத்தில் போட்டிருப்பதைப் பல உறைகளில் காணலாம்.

ஆனால் இந்த வகைப் பாகங்களுக்குப் பசையைவிடத் தையலே நம்பகமானது. நம் பாட்டிமார் பிய்ந்த கூடையைப் பிரம்பால் தைத்தார்கள் அல்லவா? அதே முறைதான். பிளவின் இருபக்கமும், விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு ஜோடி என்று துளை போட்டு, துருப்பிடிக்காத கம்பியால் தைத்து முறுக்கி, முனைகளை உட்பக்கம் மடக்கிவிடுங்கள். அல்லது பின்னால் ஒரு அலுமினியத் தகடு வைத்து, அகன்ற வட்டத்தகடுகளுடன் சிறு போல்ட்டுகளால் இறுக்குங்கள். கைப்பழக்கம் உள்ளவர்கள், ஈயம் பற்றவைக்கும் மின்கோலால் அதே வகைப் பிளாஸ்டிக் கீற்றை உருக்கி நிரப்பலாம். அதே வகை என்பது முக்கியம். பாலித்தீனும் பாலிபுரோபிலீனும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றோடொன்று சரியாக உருகிச் சேர்வதில்லை. பாகத்தை வண்டியிலிருந்து கழற்றி, பெட்ரோல் தாங்கிக்குத் தொலைவில் வைத்தே சூட்டுவேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நேயர்களே, எதை ஒட்டக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைக்கவசம் அவற்றில் முதன்மையானது. நம் நாட்டில் 1973ஆம் ஆண்டு விதிகளின்படி மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பிளந்த தலைக்கவசத்தை ஒட்டி அணிவதில் பொருளில்லை. பசையோ அசிட்டோனோ அதன் ஓட்டை இன்னும் பலவீனமாக்கும். அதை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பிரேக் பிடி, பெட்ரோல் வரும் வழியில் உள்ள பாகங்கள், நைலான் பற்சக்கரங்கள் ஆகியவற்றையும் ஒட்டாதீர்கள்; மாற்றுங்கள். முன் மட்கார்டில் போல்ட் பிடிக்கும் இடம் பிளந்திருந்தால், அதையும் பசையை நம்பி விடக்கூடாது. அது கழன்றால் போகும் இடம் சக்கரம்.

இதற்கு நாம் வைத்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான். ஒட்டு விட்டுப்போனால் இந்தத் துண்டு எங்கே விழும் என்று கேட்டுக்கொள்கிறோம். சாலையில் விழுந்து கிடக்கும் என்றால் பசை போதும். சக்கரத்திலோ, சங்கிலியிலோ, பிரேக்கிலோ, ஓட்டுகிறவர் காலிலோ விழும் என்றால், பசையோடு கம்பியோ போல்ட்டோ கட்டாயம் இருக்க வேண்டும். பசை தோற்றாலும் துண்டு கழலக்கூடாது.

சொன்னதைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். முதல் கேள்வி: இது எந்தப் பிளாஸ்டிக்? உட்பக்க எழுத்தையும் ஒரு கிண்ணத் தண்ணீரையும் கேளுங்கள். இரண்டாம் கேள்வி: இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது எது? மூழ்கி, அசிட்டோனில் இளகினால் ஏ.பி.எஸ். குழம்போ எப்பாக்சியோ, மிதந்தால் தையலோ சூட்டுவேலையோ. மூன்றாம் கேள்வி: ஒட்டு விட்டால் யாருக்கு என்ன ஆகும்? இந்த மூன்றாம் கேள்விக்கு மனசாட்சிதான் பதில் சொல்ல வேண்டும்.

நம் வீட்டுச் சி70 இன்றும் ஓடுகிறது. கால் மறைப்பில் பதினொரு கம்பித் தையல்கள் இருக்கின்றன. அழகென்று சொல்ல முடியாது. நெற்றியில் தையல் போட்டதுபோல் தெரியும். பழைய வண்டி விரும்பிகள் சிலர், புதிய மறைப்பு வாங்கித் தருவதாகவே சொன்னார்கள். தந்தையார் வேண்டாம் என்றுவிட்டார். தையலை நாம் போட்டு முடித்த அன்று, அவர் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியையும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். பதினொன்றையும் பார்த்த பிறகுதான் அம்மாவைப் பின்னால் ஏறச் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு பழைய வண்டி இருக்கும். அதைப் பழுதுபார்க்கும்போது, அதில் ஏறப்போகிறவர் யார் என்பதை நினைத்துக்கொண்டு பழுதுபாருங்கள்.